மதர்போட்டுக்குப் பெரட்டு எடுத்தவள்

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பலசரக்குக் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்த கணினிக் கடையில் ஒன்பது வருஷமாக விஜயலெட்சுமி வேலை செய்துகொண்டிருந்தாள். கூட்டவும் துடைக்கவும், டெலிபோன் வந்தால் ‘முதலாளி வெளிய போயிருக்காருங்க’ என்று சொல்லவும்தான் 1999இல் அவளை எடுத்தார்கள். 2008இல் அந்தக் கடையில் முதலாளி ஜௌபருக்குத் தெரியாதது எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. இதை ஜௌபரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். சம்பளப் பேச்சு வந்தால் மட்டும் அந்தப் பெருமை சற்று அடங்கிவிடும்.

நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்தவள். ஏ.எல். வரை படித்தாள், அதுவும் கலைப் பிரிவு. கணினி வகுப்பு வாசலை ஒரு நாளும் மிதித்ததில்லை. கெட்டுப்போன கணினிப் பெட்டிகளை ஜௌபர் திறக்கும்போது பக்கத்தில் நின்று டோர்ச் பிடிப்பாள். பிடித்துப் பிடித்து, ஒரு நாள் ஜௌபர் டோர்ச் பிடிக்க அவள் திறந்தாள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே எறும்பு ஊர்ந்து கல்லையே தூக்கிக்கொண்டு போய்விட்டது.

லினக்ஸ் அவளிடம் வந்து சேர்ந்த கதை தனி. யாருக்கும் சொந்தமில்லாத, யாரும் பிரித்துப் பார்க்கலாம் திருத்தலாம் என்று விட்டுவைத்த இயங்குதளம் ஒன்று இருக்கிறது, கேட்டால் வெளிநாட்டிலிருந்து தபாலில் இலவசமாகவே சி.டி. தட்டு அனுப்புகிறார்கள் என்று இன்டர்நெட்டில் வாசித்தாள். கடை விலாசத்தைக் கொடுத்தாள். ஐந்து வாரம் கழித்துத் தடித்த உறையொன்று வந்தது. வழியில் எங்கேயோ பிரித்துப் பார்த்து, பழுப்பு டேப் ஒட்டி மூடியிருந்தார்கள். யுத்தம் நடந்த காலம், அது அப்படித்தான். ஜௌபர் அதைத் தொடவே இல்லை.

“தங்கச்சி, பிளேன்டீ கூட எவனும் சும்மா தாறல்ல. கடல் தாண்டி ஒருத்தன் சும்மா அனுப்புறானாம். என்னமோ ஈக்கி இதுல, அத அப்பிடியே மூடி வெச்சிடு.”

விஜி மூடி வைக்கவில்லை. அன்று தட்டைப் போட்டுப் பெட்டி உயிர் பெற்றதும் அவள் பார்த்தது நிறத்தையும் படத்தையும் அல்ல. ஒரு கட்டளையைத் தட்டினால், அந்தப் பெட்டியின் மதர்போட்டில் பதிந்திருக்கும் சிப் ஒவ்வொன்றும் தன் பெயரையும் இலக்கத்தையும் சொல்லிக்கொண்டு திரையில் வரிசையாக வந்து நின்றது. படம் காட்டுகிறவன், வலையமைப்பைப் பார்க்கிறவன், ஒலி கொடுக்கிறவன். அவளுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இது பெரட்டு அல்லவா!

தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள்கள் வரிசையாக நிற்பார்கள். கணக்குப்பிள்ளை செக்ரோல் என்கிற பெயர்ப் பதிவேட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். குரல் வந்தால் கோடு விழும். அன்றைய நாளுக்கு ‘பேர்’, அதாவது கூலி, உண்டு. குரல் வராவிட்டால் பேர் இல்லை. லினக்ஸும் அதே ஒழுங்குதான். விண்டோஸ் என்றால் மதர்போட் செய்தவனே ஒரு தட்டில் எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிடுவான். லினக்ஸுக்கு அப்படி யாரும் கட்டிக் கொடுப்பதில்லை. எங்கெங்கோ இருக்கிற முகம் தெரியாத ஆள்கள், தங்கள் கையில் கிடைத்த சிப்பை ஆராய்ந்து, அதற்கான டிரைவரை எழுதி, பொதுப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போகிறார்கள். பட்டியலில் இருக்கிற சிப் வேலை செய்யும். இல்லாத சிப் பெட்டிக்குள் இருந்தும் இல்லாததுதான்.

அன்றிலிருந்து கடைக்கு வந்த எந்த மதர்போட்டையும் அவள் பெரட்டு எடுக்காமல் விட்டதில்லை. தடித்த சி.ஆர். கொப்பி ஒன்றில் கோடு போட்டு, மதர்போட்டின் இலக்கம், சிப்செட், படம் வந்ததா, ஒலி வந்ததா என்று எழுதுவாள். பதில் வந்தால் சரி, வராவிட்டால் புள்ளடி. மூன்று வருஷத்தில் நூற்றுப் பதினேழு மதர்போட்டுகள். வெலிமடையிலிருந்து மரக்கறி லொறியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு வருகிறவர்களும்கூட, “இதுக்கு லினக்ஸ் ஒத்துவருமா?” என்று அவளையே கேட்டார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கிண்டலடித்தார்கள். சர்க்கரை இனித்ததே, அதைப் பற்றி அவர்கள் பேசவில்லை.

ஓகஸ்ட் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, ஒரு முச்சக்கர வண்டி கடை வாசலில் நின்றது. முதலில் ஒரு பெண் இறங்கினாள். பிறகு அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்ட உயரமான மனிதர் இறங்கினார். வெள்ளை நீளக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத காற்சட்டை. பின்னால் சாரதி ஒரு கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அவர் பெயர் சிவராசா. யாழ்ப்பாணத்துக்காரர். பத்தொன்பது வருஷமாகப் பதுளையில் அரச அலுவலகமொன்றில் எழுதுவினைஞர். கூட வந்தவள் மனைவி கேசினி. இரண்டு வருஷத்துக்குள் சிவராசாவின் கண்ணில் அழுத்தம் கூடிக் கூடி, வெளிச்சம் முழுவதும் போய்விட்டது. நாற்பத்தெட்டு வயது.

“பிள்ளை, சுற்றி வளைச்சுக் கதைக்க எனக்கு நேரமில்லை,” என்றார். “வாற மாசம் அஞ்சாந் திகதி எனக்கு மெடிக்கல் போர்ட். கண் தெரியாதவனுக்கு அலுவலகத்தில என்ன வேலை எண்டு கேப்பினம். மறுமொழி இல்லையெண்டால் வீட்டை அனுப்பிப் போடுவினம். வீட்டில இருந்து ஆறுதல் எடுங்கோ எண்டு இப்பவே சொல்லத் துவங்கீட்டினம். எனக்கு ஆறுதல் வேண்டாம், வேலை வேணும்.”

பிறகு விசைப்பலகை ஒன்று கேட்டார். விஜி தள்ளி வைத்தாள். அவர் விரல்களை அதன்மேல் ஒரு தரம் ஓடவிட்டார், அவ்வளவுதான். ஒரு முழு ஆங்கிலக் கடிதம், விலாசம் முதல் ‘தங்கள் உண்மையுள்ள’ வரை, அவள் மூச்சு விட்டு முடிப்பதற்குள் திரையில் நின்றது. அவள் தேடித் தேடிப் பார்த்தாள், ஒரு பிழை இல்லை. தட்டச்சு இயந்திர காலத்திலேயே பார்க்காமல் அடித்துப் பழகிய கை.

“கை எழுதும். ஆனால் எழுதினது என்னெண்டு, வந்த கடிதத்தில என்ன கிடக்கெண்டு ஆர் எனக்கு வாசிக்கிறது? கனடாவில இருக்கிற மச்சான் சொன்னவர், லினக்ஸில திரையில உள்ளதை வாசிச்சுச் சொல்லுற புரோகிராம் ஒண்டு இருக்காம். காசில்லையாம். விண்டோஸில பேசுறது ஒண்டு விசாரிச்சனான், அது என்ர ஆறு மாசச் சம்பளம். இந்தப் பெட்டி கந்தோர்ப் பெட்டி. எங்கட பிரிவில எல்லாம் இதே மாதிரி. எதைப் போட்டாலும் பரவாயில்லை, ஆனால் திறக்கப்படாது எண்டு கடிதம் தந்திருக்கினம்.”

திறக்க முடியாது என்பது பெட்டியைப் பார்த்தாலே தெரிந்தது. பின்பக்கத் திருகாணிகளின் மேல் அரச முத்திரை ஒட்டியிருந்தது. முத்திரை கிழிந்தால் விசாரணை. ஆகவே வேறு சவுண்ட் கார்ட் வாங்கிப் போடும் பேச்சுக்கே இடமில்லை. உள்ளே இருக்கிற மதர்போட்டில் பதிந்த சிப்பே பேச வேண்டும். பேசாவிட்டால் சிவராசாவும் பேச முடியாது.

“ஒரு வாரம் குடுங்க சேர்,” என்றாள் விஜி. நூற்றுப் பதினேழு மதர்போட்டுப் பார்த்த தைரியம்.

தட்டைப் போட்டுப் பெரட்டு எடுத்தாள். படச் சிப் வந்தது. வலையமைப்பு வந்தது. ஒலிச் சிப்பும், பெயர் சொல்லிக்கொண்டு, வரிசையில் வந்து நின்றது. ‘என்ன லேசாக முடிந்துவிட்டதே’ என்று ஹெட்போனைக் காதில் மாட்டினாள். ஒரு சத்தமும் இல்லை. ஒலியைக் கூட்டிப் பார்த்தாள், வயரை மாற்றிப் பார்த்தாள். கிணற்றில் போட்ட கல்லாக இருந்தது.

“சிப் மவுத்தாப் போயிருக்கும்,” என்றார் ஜௌபர்.

விண்டோஸில் போட்டுக் காட்டினாள். பாட்டு கணீரென்று வந்தது. ஜௌபர் வாயை மூடிக்கொண்டு பல் டாக்டருடன் டீ குடிக்கப் போய்விட்டார்.

விஷயம் இதுதான் என்று இன்டர்நெட்டில் தேடித் தேடி மூன்றாம் நாள் அறிந்துகொண்டாள். சிப் தெரிந்த சிப்தான். ஆனால் சிப்பின் எந்தக் காலிலிருந்து, பெட்டியின் பின்னால் இருக்கும் எந்தத் துளைக்குக் கம்பி போகிறது என்பது மதர்போட்டுக்கு மதர்போட் மாறும். அதனால் லினக்ஸ் ஒரு பெரிய பதிவேடு வைத்திருக்கிறது. இன்ன இலக்கத்து மதர்போட் என்றால் இன்ன வழி. இந்தக் கந்தோர்ப் பெட்டியின் இலக்கம் அந்தப் பதிவேட்டில் இல்லை. வழி தெரியாமல் சத்தம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தத் தேடலில் அவள் கண்டது என்னவென்றால், உலகம் முழுவதும் அவளைப்போல ஆள்கள் இருந்தார்கள். பெயரைக்கூட வாசிக்க வராத ஊர்களிலிருந்து, ‘என் மதர்போட் இது, படம் வருகிறது, ஒலி இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். கீழே இன்னொருவர், அவர் இன்னொரு நாடு, ‘இப்படிச் செய்து பார்’ என்று எழுதியிருந்தார். ‘வந்துவிட்டது, நன்றி’ என்று முடிந்திருந்தது. பக்கம் பக்கமாக, வருஷம் வருஷமாக. ஒருவருக்கொருவர் முகம் தெரியாது, கூலி கிடையாது. பதுளையின் ஒரு மூலையில் தான் மட்டும் பைத்தியம்போல வைத்திருந்த சி.ஆர். கொப்பியை உலகமே சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. எத்தனை பெரிய பெரட்டுக் களம்! அகராதியை வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பெட்டியின் இலக்கங்களை எல்லாம் எழுதி அவளும் ஒரு கடிதம் போட்டாள்.

பதில் வரவில்லை. ஒரு வாரம் இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. சிவராசா இரண்டு நாளுக்கொருமுறை டெலிபோன் எடுப்பார். ‘கதைக்குதோ?’ என்பது மட்டும்தான் கேள்வி. ‘இன்னும் இல்லீங்க சேர்’ என்பதுதான் பதில். ஓகஸ்ட் முடியும்போது, வெள்ளிக்கிழமை, அவர் நேரில் வந்தார்.

“பிள்ளை, உண்மையைச் சொல்லும்.”

விஜி கொப்பியைத் திறந்து வைத்திருந்தாள். நூற்றுப் பதினெட்டாம் வரியில், ஒலி என்ற கட்டத்தில், புள்ளடி போட்டிருந்தது. “ஒத்துவராது சேர். இந்த போட்டோட பேரு பட்டியல்லயே இல்லீங்க.”

அவர் கதிரையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். “சரி. அப்ப திங்கட்கிழமை கடிதத்தைக் குடுத்துப் போடுறன். அவை அனுப்ப முன்னம் நானாய்ப் போறதெண்டால் கொஞ்சம் மரியாதை.” எழுந்தார். கேசினி தோளைக் கொடுத்தாள். வாசலில் நின்று, “பெட்டியைத் திங்கட்கிழமை எடுக்க ஆள் அனுப்புறன். உமக்குக் கரைச்சல் தந்திட்டன்,” என்றார். கரைச்சல் தந்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்டதுதான் விஜிக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒரு மனிதனின் உத்தியோகத்துக்கே தன் கையால் புள்ளடி போட்டுவிட்டதாக உணர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், பசறை பஸ் பிடித்து நமுனுகுலவுக்கு அம்மாவைப் பார்க்கப் போனாள். அம்மா பெரியாயி வேலையிலிருந்து நின்று நாலு வருஷம். வாய் மட்டும் இன்னும் நிற்கவில்லை. லயத்து வாசலில் பக்கத்துக் காம்பிரா இராக்கம்மாவோடு சண்டைக்கும் பேச்சுக்கும் நடுவிலான ஒன்று நடந்துகொண்டிருந்தது. இராக்கம்மாவின் மருமகள் அந்த வாரம் இரண்டு நாள் பெரட்டுக்குப் போகவில்லையாம்.

“எங்காலத்துல அப்பிடியா?” என்றாள் பெரியாயி. “முப்பத்தாறு வருசம். ஒரு நா எம்பேரு கூப்பிட்டு கொரலு வராம இருந்துச்சா? செக்ரோல பாக்கச் சொல்லு!”

விஜிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏம்மா பொய் சொல்ற? கால ஒடச்சிக்கிட்டு மூணு மாசம் படுத்துக் கெடந்தியே, அப்ப நாந்தானே போனேன்?”

“நீ போனா என்னா? எம்பேருக்கு கொரலு வந்துச்சில்ல?”

இராக்கம்மா சிரித்தாள். பெரியாயியும் சிரித்தாள். விஜி சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

1988. மழைக்காலத்தில் மலைச்சரிவில் வழுக்கி விழுந்து பெரியாயிக்குக் கால் முறிந்தது. தொடர்ந்து குரல் வராவிட்டால் செக்ரோலில் பேர் வெட்டுப்படும். பேர் வெட்டுப்பட்டால் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவுக்கும் ஆபத்து. அப்போது விஜிக்குப் பதினாலு வயது. அம்மாவின் படங்குச் சாக்கை இரண்டு சுற்றுச் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, அம்மாவின் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, பெரட்டுக் களத்தில் போய் நின்றாள். கணக்குப்பிள்ளை ‘பெரியாயி’ என்று கூப்பிட்டார். ‘இருக்கேனுங்க’ என்றாள். அவர் தலை நிமிரவில்லை. அவருக்குத் தெரியாமலா? அந்தத் தோட்டத்தில் அது எழுதாத வழக்கம். கூப்பிட்ட பேருக்குக் குரல் வர வேண்டும், கொழுந்து கூடைக்கு வர வேண்டும். குரல் யாருடையது என்று யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. மூன்று மாதம் அவள் பறித்த கொழுந்தெல்லாம் பெரியாயியின் பேரில் நிறுக்கப்பட்டது. விஜயலெட்சுமி என்ற பேர் எந்தச் செக்ரோலிலும் ஏறவில்லை.

மூன்று வாரமாகத் தான் செய்த பிழை அவளுக்கு உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிந்தது. பதிவேட்டில் அந்த மதர்போட்டின் சொந்தப் பேரைத் தேடினாள். இல்லை என்றதும் புள்ளடி போட்டாள். சொந்தப் பேரில்தான் குரல் வர வேண்டும் என்று யார் சொன்னது? அதே சிப்பைப் பதித்த வேறு மதர்போட்டுகள் எத்தனையோ பதிவேட்டில் இருக்கின்றனவே. அவற்றில் ஒன்றின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்?

“அம்மா, நா போறேன்.”

“சோறு வெந்துக்கிட்டிருக்குடி!”

“நீயே சாப்புடு!”

பசறையில் பஸ் மாறும்போது ஜௌபருக்குப் பேசி, வீட்டுக்குப் போய்ச் சாவி வாங்கி, பகல் இரண்டு மணிக்குக் கடையைத் திறந்தாள். அந்தச் சிப்புக்கென்று பதிவேட்டில் பதின்மூன்று பேர்கள் இருந்தன. ஒலி டிரைவரை நிறுத்தி, முதல் பேரைக் கொடுத்து மறுபடி எழுப்பினாள். சத்தமில்லை. இரண்டாவது. சத்தமில்லை. ஒவ்வொரு பேருக்கும் அதே வேலை. கடைக் கதவைப் பாதி திறந்து வைத்திருந்ததால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல் உள்ளே வந்தது. அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். ஆறு, ஏழு, எட்டு. எட்டாவதில் ஹெட்போனில் ஒரு கரகரப்பு. ஒன்பதாவது பேர் ஏதோ மடிக்கணினியுடையது. இந்தப் பெட்டிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதைக் கொடுத்துவிட்டு, ஒலி பார்க்கும் கட்டளையைத் தட்டினாள்.

ஒரு பெண்குரல் இடது காதில் ஆங்கிலத்தில், ‘முன்பக்கம், இடது’ என்றது. கொஞ்சம் பொறுத்து வலது காதில், ‘முன்பக்கம், வலது’ என்றது.

விஜி ஹெட்போனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒருத்தி, எந்த ஊரோ, எந்த வருஷமோ, தன் குரலைப் பதிந்து இந்த உலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். யாரோ ஒருவர் அந்த மடிக்கணினியின் கம்பி வழியைக் கண்டுபிடித்து எழுதிவைத்திருக்கிறார். அவர்கள் யாருக்கும் பதுளை தெரியாது, சிவராசாவைத் தெரியாது. ஆனாலும் அவருக்காகவே எழுதி வைத்ததுபோல இருந்தது. தோட்டத்துக் கோயிலில் தேர் அசையும் அந்த முதல் கணத்தில் சனம் வாயடைத்து நிற்குமே, அந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

பேசும் புரோகிராமை எழுப்பினாள். ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரை மாட்டினாள். சிவராசாவின் வீட்டு இலக்கத்தைச் சுழற்றினாள். கேசினி எடுத்தாள்.

“அக்கா, சேர்கிட்ட குடுங்க. ஒண்ணும் பேச வேணாம்னு சொல்லுங்க, கேக்க மட்டும் சொல்லுங்க.”

ரிசீவரை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆங்கில எழுத்தில் தட்டினாள். பெட்டி வாசித்தது. மூக்கடைத்த வெள்ளைக்காரனின் குரல், கட்டையான உச்சரிப்பு. ஆனால் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. ‘சிவராசா சேர். நாளைக்குக் கடிதம் கொடுக்க வேண்டாம். நான் பேசுகிறேன்.’

டெலிபோனில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று விஜி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. பிறகு சிவராசாவின் குரல், அவருடையதுதானா என்று சந்தேகப்படும்படி மெல்லிசாக வந்தது.

“பிள்ளை… இன்னொருக்கா வாசிக்கச் சொல்லும்.”

மறுபடியும் வாசிக்க வைத்தாள். அதற்குப் பிறகு அவர் அழுதார். அவளும் அழுதாள். கேசினி என்னவோ ஏதோ என்று பின்னால் கத்திக்கொண்டிருந்தாள்.

மெடிக்கல் போர்டில் மூன்று டாக்டர்கள் இருந்தார்களாம். ஒருவர் ஒரு கடிதத்தைத் தானே பெட்டியில் தட்டிக் கொடுத்து, இதற்குப் பதில் எழுதுங்கள் என்றாராம். சிவராசா ஹெட்போனில் கேட்டுவிட்டு, பதிலை அடித்து, டாக்டர் விட்ட இரண்டு எழுத்துப் பிழைகளையும் பணிவாகச் சுட்டிக் காட்டினாராம். பெரிய டாக்டர் ஹெட்போனை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாராம். மறுநாளே சிவராசா தன் பழைய மேசைக்குப் போய்விட்டார். இதையெல்லாம் கேசினி கடைக்கு வந்து, கொண்டுவந்த பலகாரத்தை ஜௌபர் தின்று முடிக்கும்வரை சொன்னாள்.

விஜி கொப்பியில் அந்தப் புள்ளடியை அடித்து, ‘இன்னொருத்தர் பேரில் வந்தது’ என்று எழுதினாள். எந்தப் பேரில் வந்தது என்பதை, யாருக்காவது உதவட்டும் என்று, அந்த உலகப் பெரட்டுக் களத்துக்கும் எழுதிப்போட்டாள். இந்த முறை பதில் வந்தது, பத்து நாள் கழித்து. எழுதியவரின் பெயரை வைத்து எந்த நாடு என்றுகூடச் சொல்ல முடியவில்லை. முதல் கடிதத்தைக் கவனிக்காமல் விட்டதற்கு வருந்துகிறேன் என்றிருந்தார். உங்கள் மதர்போட்டின் இலக்கத்தைப் பதிவேட்டில் சேர்க்கிறேன், இனி யாரும் அதை இரவல் பேரில் கூப்பிடத் தேவையில்லை, தட்டைப் போட்டதும் தானே பேசும் என்றிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி. கண்டு சொன்னவர் என்று யாருடைய பெயரைப் போடட்டும்?

ஜௌபர் எட்டிப் பார்த்தார். “கடைட பேரப் போடு தங்கச்சி. வெளம்பரமாப் போகும்.”

“ஜௌபர் நானா, இதுல மட்டும் நா சொல்றத கேளுங்க,” என்றாள் விஜி. வேறு யாரையும் கேட்காமல் ஒரு வரி தட்டி அனுப்பினாள். ஜௌபர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அது பகல் சாப்பாடு வரைக்கும்தான்.

மாதங்கள் போயின. அடுத்த வருஷம் ஏப்ரலில் ஒரு நாள், சிவராசாவிடமிருந்து டெலிபோன் வந்தது. “பிள்ளை, மத்தியானம் ஒருக்காக் கந்தோருக்கு வந்திட்டுப் போம். பெட்டிக்கு ஒண்டுமில்லை. சும்மா வாரும்.”

போனாள். அலுவலகத்தில் பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். சிவராசா மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெட்டியைச் சுற்றி யாரோ விகாரையில் ஓதிய பிரித் நூல் கட்டியிருந்தார்கள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பீக்கரை மாட்டியிருந்தார்.

“லினக்ஸில புதுசா என்னென்ன சேர்த்திருக்கினம் எண்டு ஒரு பட்டியல் வருமாம். மச்சான் சொன்னவர். நீர் எழுதிப்போட்டதெண்டு சொன்னது அதில வந்திருக்குமோ எண்டு அதை இதிலயே எடுத்தனான். ஆயிரக்கணக்கான வரி, பிள்ளை. எந்த இலக்கத்தைத் தேடுறதெண்டும் எனக்குத் தெரியேல்லை. பதினொரு நாள், சாப்பாட்டு நேரத்தில, ஒவ்வொரு வரியாக் கேட்டுக்கொண்டு வந்தன். முந்தநாள்தான் பிடிபட்டுது.”

“பதினொரு நாளா? என்கிட்ட கேட்டிருந்தா இலக்கத்த சொல்லியிருப்பேனே சேர்!”

“கேக்க விருப்பமில்லை. நானாக் கண்டுபிடிக்கோணும் எண்டிருந்தது.” விசையொன்றைத் தட்டினார். “கேளும்.”

மூக்கடைத்த அந்தக் குரல் ஒரு நீண்ட இலக்கத்தை எழுத்தெழுத்தாக வாசித்தது. அது இந்தப் பெட்டியின் இலக்கம், விஜிக்கு மனப்பாடம். ஒலி சேர்க்கப்பட்டது என்றது. கொஞ்சம் நிறுத்தியது. பிறகு, கண்டு சொன்னவர் என்று சொல்லி, உலகத்தில் எத்தனையோ பேரைக் கூப்பிட்டு வந்த அதே நிதானத்தில், அடுத்த பேரைக் கூப்பிட்டது.

“விஜயலெட்சுமி, பதுளை.”

விஜி பையைக் கீழே வைத்தாள். எப்போது நேராக நிமிர்ந்து நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“இருக்கேனுங்க,” என்றாள்.